நான்கு மழைக்காலம் அழுத மரவை

போன வாரம் கல்லூரித் தோழி ஒருத்தி காரைக்குடியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினாள். பழைய சாமான் கடை. கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் ஓர் உப்பு மரவை, அந்தக் காலத்தில் அடுப்படியில் உப்பு போட்டு வைத்த மரப் பாத்திரம், உட்கார்ந்திருக்கிறது. ‘உன் வீட்டு ஹால்ல மாட்டியிருக்கியே, அதே மாதிரி. நாலாயிரத்து ஐந்நூறு சொல்றார். வாங்கவா?’

அவள் கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலைதான் பெயிண்டர் வந்து, எங்கள் ஹாலில் அந்த மரவை மாட்டியிருந்த இடத்தைச் சுரண்டிவிட்டு மூன்றாவது முறையாகப் பட்டி பார்த்துக்கொண்டிருந்தார். நாலு சாண் சுவருக்கு ஒரு முழு நாள் கூலி. அந்தக் கோபத்தில் ‘வேண்டாம்’ என்று ஒரே வார்த்தையில் அடித்து, அனுப்பாமல் அழித்துவிட்டேன். நான்கு வருடம் கூடவே இருந்த சாமானைப் பற்றி ஒரு வார்த்தையில் சொல்வது நியாயம் இல்லை.

நான்கு வருடம் முன்பு ஒரு தை மாதம், அதே காரைக்குடியில், முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு கடையில் நான் வாங்கியவை நான்கு: மர அஞ்சறைப் பெட்டி, முறுக்கு பிழியும் மர உழக்கு, ஒரு மரக்கால், அப்புறம் இந்த மரவை. இடிபடும் செட்டிநாட்டு வீடுகளின் சாமான் எல்லாம் அந்தத் தெருவுக்குத்தான் வந்து சேரும். எனாமல் தூக்குவாளியும் பர்மா அரக்குப் பெட்டியும் கடையின் முன்வரிசையில் பளபளவென்று இருக்கும். அடுப்படி மரச் சாமான்கள் பின்னால் ஒரு மூலையில், ஒட்டடையோடு. எனக்குக் கண் எப்போதும் அந்த மூலையில்தான்.

மற்ற மூன்றையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. அஞ்சறைப் பெட்டியில் கம்மல், பொட்டு, சேஃப்டி பின் வைக்கிறேன். காதில் போட்ட கம்மலில் வெந்தயம் மணக்கும், பழகிவிட்டது. எட்டுப் படி பிடித்த மரக்கால் இப்போது பழைய வாரப் பத்திரிகைகளைப் பிடித்துக்கொண்டு சோபா பக்கத்தில் நிற்கிறது. முறுக்கு உழக்கின் கதை சோகம், அதற்குப் பிறகு வருகிறேன்.

மரவைக்கு 2,200 ரூபாய் கொடுத்தேன். ஒரு முழ நீளம், ஒரே கட்டையில் குடைந்தது. இரண்டு குழி. பெரியது கல்லுப்புக்கு, சின்னது புளிக்கு என்றார் கடைக்காரர். மேலே ஒற்றை ஆணியில் பக்கவாட்டில் சுழலும் மூடி. ‘பர்மா தேக்கும்மா’ என்றார். வீட்டுக்கு வந்த ஆசாரி அடிப்பக்கத்தில் உளியால் நகக்கண் அளவு சீவிப் பார்த்தார். உள்ளே மஞ்சள். ‘பலாம்மா இது. தேக்குன்னா குடுத்தாங்க?’ என்று சிரித்தார். எனக்கு வருத்தம் இல்லை. தேக்குக்காகவா வாங்கினேன்?

நான் வாங்கியது அதன் விளிம்புக்காக. பெரிய குழியின் விளிம்பு மூன்று பக்கமும் நேராக இருக்கிறது. வலது பக்கம் மட்டும் ஒரு பிடி அகலத்துக்குப் பிறை மாதிரி தேய்ந்து, கண்ணாடி போல வழுவழுப்பாகியிருக்கிறது. சமைத்துக்கொண்டே கையை விட்டு விட்டு எடுத்தவர்களின் மணிக்கட்டு உரசிய இடம். எத்தனை பேர், எத்தனை வருடம் என்று யாருக்குத் தெரியும். என் மணிக்கட்டும் அந்தப் பள்ளத்தில் சரியாக உட்கார்கிறது. கடையிலேயே இரண்டு மூன்று தடவை கையை விட்டுப் பார்த்தேன். கடைக்காரர் அதைக் கவனித்துவிட்டார், அதனால்தான் விலை இறங்கவில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

வாசலை ஒட்டிய ஹால் சுவரில் இரண்டு திருகாணி போட்டு மாட்டினோம். பெரிய குழியில் சாவிகள், சின்னக் குழியில் ஒரு பாட்டிலில் மணி பிளான்ட். வருகிறவர்கள் எல்லாம் ‘எங்கே வாங்கினீங்க?’ என்று கேட்டார்கள். ஐப்பசி வரை ராஜ மரியாதை.

ஐப்பசியில் ஒரு நாள் காலை ஸ்கூட்டர் சாவியை எடுத்தபோது கை பிசுபிசுத்தது. மணி பிளான்ட் தண்ணீர் சிந்தியிருக்கும் என்று துடைத்தேன். மறுநாளும் அதே. மூன்றாம் நாள் சாவிக் கொத்தின் இரும்பு வளையம் செம்பழுப்பாகி, பித்தளைச் சாவியில் பச்சை படர்ந்திருந்தது. மூடியைத் தள்ளிப் பார்த்தால் குழியின் உட்சுவர் முழுக்க முத்து முத்தாக நீர். வியர்த்து நிற்கிற ஆள் மாதிரி. அந்த மாதக் கடைசியில் மரவைக்குக் கீழே சுவரில் இரண்டு கோடு இறங்கியிருந்தது, கண்மை கலைந்து வழிந்த மாதிரி. அப்புறம் பெயிண்ட் உப்பியது. உப்பு இருக்கிற இடம் உப்பத்தானே செய்யும்.

ஊரிலிருந்து வந்திருந்த அம்மா, சாவிக் கொத்தைப் பார்த்தாள். ‘உப்பு வச்ச சாமான்ல இரும்பை வைப்பாங்களாடி? அதுக்குத்தானே மரத்துல செஞ்சான்?’ வெண்கலம், இரும்பு, பித்தளை எதிலும் உப்பு நிற்காது, அரித்துவிடும். மரமும் பீங்கானும் மண்ணும்தான் தாங்கும். இது தெரியாமல் நான் வீட்டிலுள்ள அத்தனை உலோகத்தையும் கொண்டுபோய் அதற்குள்ளேயே போட்டிருக்கிறேன்.

காரணம் எளிது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கழுவாத பழைய கல்லுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கும், அது அதற்கும் முன்னாலேயே இழுக்கும். பல பத்தாண்டுகள் உப்பு ஊறிய பலாக்கட்டை என்பது மர வடிவில் இருக்கிற உப்புப் பொட்டலம். நாங்கள் இருப்பதோ திருவான்மியூர், கடல் நடக்கிற தூரம். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும் என்பது இந்த மரவையைப் பார்த்துத்தான் சொன்னது போல.

சரி, உப்பை எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். அடுத்த மாசியில் சுவரிலிருந்து கழற்றி, பாத்ரூமில் பெரிய டப்பில் தண்ணீர் விட்டு ஊறப் போட்டேன். மிதந்தது. மேலே அம்மிக் குழவியை வைத்தேன். தினமும் தண்ணீர் மாற்றி, மாற்றுவதற்கு முன் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். முதல் நாள் அசல் கடல். நான்காம் நாள் ரசத்தில் உப்பு தூக்கலான மாதிரி. ஒன்பதாம் நாள் கிட்டத்தட்ட ஒன்றும் இல்லை. பன்னிரண்டு நாள் பாத்ரூமில் குழவியைத் தாண்டிக் குளித்த என் கணவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதியாக வேண்டும், எழுதிவிட்டேன்.

ஆனால் அவசரப்பட்டேன். எடுத்து நேராக மொட்டைமாடி வெயிலில் வைத்துவிட்டேன். சாயந்திரம் போய்ப் பார்த்தால் பெரிய குழியின் மூலையிலிருந்து அடிவரை ஒரு விரிசல். ஆசாரி வந்து தலையில் அடித்துக்கொண்டார். ‘வெயில்லயா போட்டீங்க? சாக்குக்குள்ள சுத்தி நிழல்ல ஒரு மாசம் விடணும்மா. வெளிப்பக்கம் காஞ்சு சுருங்குது, உள்பக்கம் இன்னும் ஊறிப்போய் இருக்கு. அப்போ பிளக்காம என்ன செய்யும்?’ பலாத் தூளை வஜ்ஜிரப் பசையில் குழைத்து அடைத்துக் கொடுத்தார். தேடினால்தான் தெரியும். எனக்குத் தேடாமலே தெரியும்.

அந்த ஐப்பசியில் மறுபடி அழுதது. முன்னளவு இல்லை, ஆனால் அழுதது. மேலாக இருந்த உப்பு தண்ணீரில் போயிருக்கிறது, கட்டையின் நடுவில் இருந்தது அப்படியே இருந்து மெல்ல வெளியே வருகிறது. மூன்றாம் வருடம் தேன்மெழுகு உருக்கி உள்ளும் புறமும் தேய்த்தோம், சுவரோடு ஒட்டும் பின்பக்கத்தைத் தவிர. யார் பார்க்கப் போகிறார்கள் என்ற எண்ணம். ஈரம் அந்தப் பக்கமாகவே வேலை செய்தது. இந்த வருடம் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் வைத்தேன். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர் தேங்கி, பெயிண்டோடு பூச்சும் சேர்ந்து உதிர்ந்தது. பெயிண்டர் வந்தது அதனால்தான்.

மழைக்காலத்தோடு முடிந்தாலும் பரவாயில்லை. கோடையில் ஏசி போட்டால் வேறு கூத்து. காற்று காய்ந்ததும் மரத்துக்குள் இருக்கும் உப்பு மேலே வந்து வெள்ளையாகப் பூக்கும். ஏசியை நிறுத்தினால் திரும்பக் கரையும். இப்படிக் கரைந்தும் உறைந்தும் மரத்தின் நார்களைப் பிரித்துவிடுகிறது போல. அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் பூனைக்குட்டி வயிறு மாதிரி மெத்தென்று ரோமம். மரத்துக்கு முடி முளைத்து இப்போதுதான் பார்க்கிறேன். வருடத்துக்கு ஒரு முறை உப்புத்தாளால் தேய்க்க வேண்டியிருக்கிறது. அதற்கும் உப்புத்தாள் என்றுதான் பெயர்.

இவ்வளவும் சொன்ன பிறகு அதன் பக்கமும் சொல்ல வேண்டும். முறுக்கு உழக்கைப் பற்றி வருகிறேன் என்றேனே. மரவைக்கு அரை அடி தள்ளி, அதே சுவரில்தான் மாட்டியிருந்தோம். இரண்டாம் வருடம் தினமும் காலையில் தரையில் சிட்டிகை மாவு. துடைத்தால் மறுநாளும் சிட்டிகை மாவு. குண்டூசி முனை அளவில் ஏழெட்டு ஓட்டை. ஆசாரி தட்டிப் பார்த்து, ‘உளுத்துப் போச்சும்மா. மாமரம், வண்டுக்கு லட்டு’ என்றார். போராக்ஸ் கரைசல் அடித்தோம். பிளாஸ்டிக் பையில் சுற்றி ஃப்ரீசரில் இரண்டு வாரம், ஐஸ்கிரீம் இருந்த இடத்தில், வைத்தோம். வண்டு நின்றது. ஆனால் அதற்குள் கைப்பிடி ரஸ்க் மாதிரி ஆகிவிட்டது, ஒரு நாள் தூசி தட்டும்போது கையோடு வந்துவிட்டது. மரவையில் இந்த நான்கு வருடத்தில் ஒரு ஓட்டை கிடையாது. பக்கத்து வீட்டுக்காரனை வண்டு தின்று தீர்த்தபோதும் இதன் மேல் வாய் வைக்கவில்லை. உப்பு சுவரைத் தின்றது, மரத்தைக் காப்பாற்றியது.

இன்னொன்று. ஒரு ஈரப்பத மானி வாங்கி அதன் பக்கத்தில் வைத்தேன், இதை நிரூபித்தே தீருவது என்று. காட்டி 70ஐ நெருங்கும்போதே விளிம்பு மினுங்க ஆரம்பிக்கும், 75க்கு மேல் முத்துக் கட்டும். மழை வருமா என்று மரவை சொல்லாது, காற்று எப்படி இருக்கிறது என்று சொல்லும். அப்பளம் காயுமா, துணி காயுமா என்று கேட்டால் சரியான பதில் வரும். மானியின் பேட்டரி தீர்ந்து மாதக்கணக்கு ஆகிறது, மாற்றவில்லை. மரவையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வடாம் போடலாமா என்று முடிவு செய்கிறேன்.

இப்போது அது ஷெல்ஃபில், ஒரு பீங்கான் தட்டின் மேல் இருக்கிறது. உள்ளே உலோகம் எதுவும் கிடையாது, இரண்டு மரப்பாச்சி மட்டும். சொட்டுவது தட்டில் சொட்டட்டும். அலங்காரச் சாமான் என்று பார்த்தால் தட்டோடு சேர்த்து அது அலங்காரமாகவும் இல்லை, ஏதோ சிகிச்சையில் இருக்கிற மாதிரி இருக்கிறது.

தோழிக்குக் கடைசியில் இப்படி எழுதினேன்: வாங்காதே. அழகுதான், உளுக்காது, ஆயுசுக்கும் இருக்கும், ஆனாலும் வாங்காதே. உன் வீடும் பெசன்ட் நகர், உன் சுவரும் என் சுவர்தான். தை மாதம் கேட்டிருந்தால் ஒருவேளை வேறு பதில் சொல்லியிருப்பேன், கேட்டது பெயிண்டர் வந்த அன்று. அப்படியும் மனசு கேட்கவில்லை என்றால் ஒரு சோதனை. விரலை ஈரமாக்கிக் குழிக்குள் அழுத்தித் தேய்த்து நாக்கில் வைத்துப் பார். கரிக்கவில்லை என்றால் யாரோ புதிதாகச் செய்து புகை போட்ட மரவை, விட்டுவிடு. கரித்தால் அசல். அதையும் விட்டுவிடு.

பதினைந்து நிமிடம் பதில் இல்லை. அப்புறம் வந்தது: ‘கரிக்குதுடி. கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார். நாலாயிரத்துக்கு முடிச்சுட்டேன். சுவருக்கு என்ன பெயிண்ட் அடிக்கலாம்?’