காசு கொடுத்துக் கேட்ட பயிர் ஆலோசனை: மூன்று ஏக்கர் மக்காச்சோளம்

பெரம்பலூர்ப் பக்கம் எங்களுக்குக் கரிசல் மானாவாரி. புரட்டாசி மழைக்கு மக்காச்சோளம் போட்டபோது, வயலுக்கே வந்து பார்த்துச் சொல்லும் தனியார் சேவை ஒன்றில் சேர்ந்தேன். ஏக்கருக்கு 500 ரூபாய், ஒரு போகத்துக்கு நான்கு முறை வருவார்கள். மருந்து விற்பதில்லை, சீட்டில் எழுதித் தருவார்கள், எங்கே வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளலாம். நான் சேர்ந்ததே அதற்காகத்தான். உரக்கடையில் ஒரு இலையைக் காட்டினால் மூன்று பாட்டிலைக் கட்டிக் கொடுத்துவிடுகிறார்கள்.

விதைத்த பதினெட்டாம் நாள் வேளாண்மை படித்த ஒரு தம்பி வந்தார். வரப்பில் நின்று பார்க்கவில்லை. ஓரத்து வரிசைகளை விட்டு உள்ளே இறங்கி, ஐந்து இடத்தில் இருபது இருபது செடியாக எண்ணினார். ஒரு குருத்தைப் பிரித்தால் ஈர மரத்தூள் மாதிரி எச்சம், அதற்கடியில் புழு. தலையில் தலைகீழ் ‘ஒய்’, வால் பக்கம் சதுரமாக நாலு கரும்புள்ளி. படைப்புழுவேதான். 2018-ல் கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அந்த வருஷமே எங்கள் காட்டையும் மொட்டையடித்த அதே சனியன். அப்போது மணலும் சுண்ணாம்பும் கலந்து குருத்துக் குருத்தாகப் போட்ட கை இது.

நூறு செடியில் 14-ல் சேதம். “பத்தைத் தாண்டிடுச்சுக்கா, இன்னைக்குச் சாயங்காலமே அடிச்சிடுங்க” என்றார். குளோரான்ட்ரனிலிப்ரோல் என்ற பூச்சிமருந்து, பத்து லிட்டர் டேங்குக்கு 4 மில்லி, குருத்துக்குள் இறங்குகிற மாதிரி. அடுத்த முறை எண்ணியபோது நாலுதான். நான் பாட்டிலோடு தயாராக நின்றேன், வேண்டாம் என்றுவிட்டார். மறுபடி தேவைப்பட்டாலும் அதே மருந்து கூடாதாம், புழு பழகிவிடுமாம். ஸ்பினிடோரம் என்று மாற்றி எழுதிக் கொடுத்தார். அது தேவைப்படவே இல்லை.

தண்ணீர் நின்ற பள்ளத்தில் அடி இலைகள் மஞ்சளானதற்குக் கடைக்காரர் பூஞ்சாண மருந்து எடுத்து வைத்திருந்தார். இந்தத் தம்பி இலையைக் கிள்ளிக் காட்டினார்: நுனியிலிருந்து நடுநரம்பு வழியாக ‘வி’ போல மஞ்சள். “நோய் இல்லக்கா, தழைச்சத்துப் பத்தல.” தண்ணீரை வடித்து யூரியா வைத்தேன். புது இலை பச்சையாக வந்தது.

களை விஷயத்தில்தான் சொதப்பல். விதைத்த மூன்றாம் நாளுக்குள் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடிக்கும்படி போனிலேயே சொல்லிவிட்டார்கள். படைப்புழுவைக் கட்டுப்படுத்த வரப்போரம் தட்டைப்பயறு போடச் சொன்னதும் அவர்கள் கொடுத்த தாள்தான்! அட்ரசின் பயறுக்கு ஆகாது என்று யாரும் வாய் திறக்கவில்லை. முளைத்த பயறெல்லாம் கருகியது. சாரணை ஒழிந்தது, கோரை அசையவில்லை. ஆள் விட்டு இரண்டு நாள் வெட்டினேன். நான்காவது வருகையும் கதிர் முற்றிய பிறகுதான். அது எதற்கென்று அவருக்கே தெரிந்திருக்காது.

இருந்தாலும் வருகிற புரட்டாசிக்கும் 1500 ரூபாய் எடுத்து வைத்திருக்கிறேன். அந்த நான்காவது வருகையை விதைப்புக்கு முன்னால் மாற்றி, வரப்பையும் பார்த்துவிட்டுக் களைக்கொல்லி எழுதச் சொல்லியிருக்கிறேன். சரி என்றிருக்கிறார்கள்.