தொடுதல் பற்றிப் பேசும் பட அட்டைகள்: வாங்கலாம், இரண்டை மட்டும் எடுத்துவிடுங்கள்

மூன்று முதல் ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு உடல் பாதுகாப்பைச் சொல்லித்தர 24 பட அட்டைகள் கொண்ட பெட்டி இது. என் மகனுக்கு ஏழு வயது, மகளுக்கு நாலு. இருவரோடும் உட்கார்ந்து பார்த்தபின் எழுதுகிறேன். நல்ல பொருள், தாராளமாக வாங்கலாம்.

எடுத்த எடுப்பிலேயே பயமுறுத்தவில்லை என்பது எனக்குப் பிடித்தது. தலை, தோள், வயிறு என்று போகிற வரிசையிலேயே உள்ளாடை மறைக்கும் இடங்களும் அவற்றுக்குரிய பெயரோடு வருகின்றன. அந்தப் பெயர்களைப் பெற்றவர்கள் வாயால் கூச்சமில்லாமல் கேட்ட பிள்ளை, ஏதாவது நடந்தால் எங்கே, என்ன என்று தெளிவாகச் சொல்லும்.

பெட்டியிலேயே சிறந்தது ‘நிறுத்து’ அட்டை. சிவப்பில் விரித்த உள்ளங்கை. கிச்சுகிச்சு மூட்டும்போது பிள்ளை அதைத் தூக்கினால், சிரித்துக்கொண்டிருந்தாலும் நாம் உடனே கையை எடுத்துவிட வேண்டும். மகள் முதலில் நம்பவில்லை. தூக்கினாள், எடுத்தேன். என் முகத்தையே பார்த்தாள். “இன்னொரு தடவை மூட்டுப்பா” என்றாள். மறுபடி தூக்கினாள், மறுபடி எடுத்தேன். தன் சொல்லுக்கு அப்பாவே கட்டுப்படுகிறார் என்று அவளுக்குப் புரிந்த இடம் அது. அண்ணன் மட்டும் நிறுத்தாமல் தொடர்ந்தான். “அவ தூக்கினா நீயும் கையை எடுக்கணும், நீ தூக்கினா அவளும்” என்று அவனுக்கும் சொல்ல வேண்டியிருந்தது. ஆண் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் இரண்டு பக்கமும் தேவை. தன்னைக் காத்துக்கொள்ளவும் வேண்டும், அடுத்தவர் வேண்டாம் என்றால் கேட்கவும் வேண்டும்.

விருந்தினருக்கு முத்தம் கொடுக்கச் சொன்னால் கைகூப்பலாம், கையசைக்கலாம் என்று ஓர் அட்டை. “பெரியவங்ககிட்ட மரியாதை இல்லாமப் போயிடும்டா” என்றார் என் அம்மா. “கும்பிட்டாலும் மரியாதைதாம்மா” என்றேன். இதில் நான் விட்டுக்கொடுப்பதாக இல்லை. வேண்டாத முத்தத்தை நம் கட்டாயத்துக்காகத் தருகிற பிள்ளை, வேறொருவர் கட்டாயப்படுத்தும்போது மட்டும் எப்படி மறுக்கும்?

ரகசியம் பற்றிய அட்டையும் அருமை. பிறந்தநாள் பரிசை மறைத்து வைத்தால் ஒருநாள் எல்லோருக்கும் தெரிந்துவிடும், அது சரி. தொடுவதைப் பற்றி ‘யார்கிட்டயும் சொல்லாதே’ என்றால் உடனே சொல்லிவிட வேண்டும். யாரிடம் சொல்வது என்பதற்கு ஐந்து விரலுக்கு ஐந்து பெரியவர்கள். ஒருவர் காது கொடுக்காவிட்டால் அடுத்த விரல். டாக்டர் பரிசோதிக்கும்போது பெற்றவர் கூட இருப்பதையும் காட்டியிருக்கிறார்கள்.

இனி குறைகள். இரண்டு அட்டைகளில் ஆபத்தானவர் என்றாலே கறுப்புக் கண்ணாடி போட்ட முன்பின் தெரியாத ஆள். பிள்ளைகளிடம் அத்துமீறுபவர்களில் பெரும்பாலோர் அவர்களுக்குத் தெரிந்தவர்கள், பல நேரம் குடும்பமே நம்புகிறவர்கள். இந்தப் படம் மனதில் பதிந்துவிட்டால் பழகிய முகத்தின் மேல் பிள்ளைக்கு எச்சரிக்கையே வராது. அவற்றை எடுத்து வைத்துவிட்டேன்.

‘கத்து, ஓடு, சொல்’ என்று மூன்று அட்டைகள் இருக்கின்றன. கத்த முடியாமல் உறைந்துபோன பிள்ளைக்கு ஒன்றுகூட இல்லை. அப்படி உறைந்துபோவது பிள்ளைகளுக்கு இயல்பு. ‘கத்தாமல் விட்டுவிட்டோமே’ என்ற பயத்திலேயே அது வாயை மூடிக்கொள்ளக்கூடும். நானே ஒரு வெற்று அட்டையில் எழுதிச் சேர்த்தேன்: “உன் மேல் தப்பே இல்லை. எப்போது சொன்னாலும் நம்புவேன், திட்ட மாட்டேன்.” மகன் வாசித்துவிட்டு, “ரொம்ப நாள் கழிச்சு சொன்னாலுமா?” என்றான். ஆமாம் என்றேன். அடுத்த பதிப்பில் தயாரிப்பாளர்கள் இதை அவசியம் சேர்க்க வேண்டும்.

அட்டைகள் கெட்டியானவை, ஈரத் துணியால் துடைக்கலாம். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் காட்டாமல், குளிக்கும்போதும் உடை மாற்றும்போதும் ஒன்றிரண்டாக எடுங்கள். பிள்ளை போதும் என்றால் மூடிவிடுங்கள்.