கீழக்கரையில் ஐந்து பேர் குடும்பத்துக்கு மாதம் எவ்வளவு வேண்டும்?

ஊரோடு போய்விடலாமா என்று யோசிக்காத வளைகுடா ஆள் கிடையாது. யோசனை எப்போதும் வந்து முட்டிக்கொள்ளும் இடம் ஒன்றுதான்: மாதம் எவ்வளவு வந்தால் குடும்பம் கஷ்டமில்லாமல் ஓடும்? என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி, நான் துபாயிலிருந்து கிளம்பும்போதே சொல்லி அனுப்பினான். "மச்சான், சாப்பிட்டுத் தூங்கிட்டு வந்துடாதீங்க. செலவை எல்லாம் நோட்டுல எழுதிட்டு வாங்க. மாசம் 30,000 நிக்கிற மாதிரி ஒரு கடை பார்த்து வச்சிருக்கேன். பத்துமான்னு தெரியணும்."

எழுதினேன். மாமி (மனைவியின் அம்மா), மனைவி, இரண்டு பிள்ளைகள், நான். வாடகை கிடையாது. மொத்தம் 42,000 ரூபாய் வந்தது. இதில் சாப்பாட்டுக்கு, அதாவது பலசரக்கு, மீன், கறி, காய், பால் எல்லாம் சேர்த்து, 20,000. கடலோரத்தில் இருந்துகொண்டு மீனுக்கு இவ்வளவா என்று கேட்கலாம். நல்ல சீலாவும் பாறையும் வெளியூர் வியாபாரிக்குப் போய்விடுகின்றன, நமக்கும் அதே விலைதான். சூடையும் காரலும் வாங்கினால் பாதியில் முடியும். பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

என் கணக்கு அதிகமோ என்று சந்தேகமாக இருந்ததால் மத்திய அரசின் குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பார்த்தேன். 2022-23இல் தமிழ்நாட்டு கிராமத்தில் தலைக்கு மாதம் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. ஐந்து பேருக்குப் பெருக்கினால் கிராமத்தில் 26,550, நகரத்தில் 38,150. கீழக்கரை நகராட்சி. அதற்குப் பிறகு ஏறிய விலைவாசியையும் சேர்த்தால் நாங்கள் ஒன்றும் ஊதாரிகள் இல்லை.

அரிசி பருப்பு இந்தக் கணக்கில் பெரிய விஷயமே இல்லை. ரேஷனில் அரிசி இலவசம், துவரம் பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25. வித்தியாசம் எங்கே விழுகிறது என்றால், அரசாங்கம் ஏற்கெனவே கொடுக்கும் ஒன்றை வேண்டாமென்று நாம் காசு கொடுத்து வெளியே வாங்குகிற இடத்தில். தண்ணீர், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி மூன்றும் அப்படித்தான்.

தண்ணீரை மட்டும் நம் குற்றம் என்று சொல்ல முடியாது. வீட்டுக் கிணறு உவர். காவிரிக் கூட்டுக் குடிநீர் திருச்சிப் பக்கத்திலிருந்து குழாயில் இத்தனை தூரம் வருவதே பெரிய காரியம். ஆனால் வருகிற நாள் தெரியாது, வந்தாலும் எவ்வளவு நேரம் என்று தெரியாது. அதனால் தள்ளுவண்டிக்காரர் வந்துவிடுகிறார். தெருமுனையில் மணி அடித்ததும் மாமி வாசலில் குடங்களை வரிசையாக வைத்துவிடுவார். முதல் குடத்தில் கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றி வாயில் வைத்துப் பார்ப்பார். கரித்தால் வண்டி அப்படியே அடுத்த வீட்டுக்குப் போகவேண்டியதுதான். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மாதம் 1,200 ரூபாய். குளிக்க, துவைக்க உவர்த்தண்ணீர்தான். அதற்குப் பில் வராது என்று நினைக்க வேண்டாம்: மோட்டார், குழாய், ஹீட்டர், வாஷிங் மெஷின் எல்லாம் அரித்துப்போகின்றன. குழாய் ரிப்பேர்காரர் உறவினரைவிட அடிக்கடி வருகிறார். அவருக்குக் கொடுப்பதும் தண்ணீர்ச் செலவுதான், நோட்டில் நான் அப்படித்தான் எழுதினேன்.

கரண்ட் பரவாயில்லை. வெட்டு குறைந்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். ஆனால் ஏசி போட்டு 500 யூனிட்டைத் தாண்டிவிட்டால் 101 முதல் 200 வரை இருந்த சலுகை விலையும் போய்விடும். வெளிநாட்டுக்காரன் வந்து இறங்கிய மாதம் பில்லைப் பார்த்தாலே தெரியும்.

ஆஸ்பத்திரி விஷயத்தில் எனக்கே ஆச்சரியம். மாமிக்கு சர்க்கரையும் பிரஷரும். மாதம் 2,000 ரூபாய்க்கு மருந்துக்கடையில் மாத்திரை. மூன்று தெரு தள்ளி இருக்கும் என் லாத்தாவுக்கும், அதாவது அக்காவுக்கும், அதே நோய்தான். அவருக்கு அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. வந்த பெண் பிரஷர் பார்த்துக் குறித்துக்கொண்டு, "ஏன் லாத்தா, உப்பைக் குறைக்கலையா?" என்று திட்டிவிட்டும் போனார். மாமியிடம் சொன்னேன். "ஓசி மாத்திரை எனக்குக் கேக்காது" என்றுவிட்டார். 2,000 ரூபாயில் பாதி இந்த நம்பிக்கைக்குத்தான் போகிறது.

ராமநாதபுரத்தில் 2022இலிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனாலும் கொஞ்சம் பெரிய நோய் என்றால் கார் மதுரைக்குத்தான் திரும்புகிறது, போக வர 250 கிலோமீட்டருக்கு மேல். மாமிக்கு முதுகுவலிக்காக நாங்களும் போனோம். ராமநாதபுரத்தில் எடுத்த ஸ்கேனைக் கையில் கொடுத்தால், அந்தத் தனியார் ஆஸ்பத்திரியில் உறையைக்கூடப் பிரிக்காமல் புதிதாக எடுக்கச் சொன்னார்கள். அன்றைக்கு மட்டும் கார், டாக்டர், ஸ்கேன், ஐந்து பேர் சாப்பாடு என்று ஒரு மாதப் பள்ளிக்கூடச் செலவைவிட அதிகம். பள்ளிக்கூடம் என்றால் ஃபீஸை மாதக்கணக்காக்கி, வேனையும் சேர்த்து, இரண்டு பேருக்கும் 9,000. அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் தருகிறார்கள். நம் வீட்டில் கேட்க ஆள் இல்லை.

பஸ் விஷயம் சுருக்கம். டவுன் பஸ் என்றால் பெண்களுக்குக் காசில்லை. புறநகர் பஸ் வந்தால் டிக்கெட் எடுக்க வேண்டும். எது முதலில் வருகிறதோ அதில் ஏறுகிறார்கள்.

லாத்தாவுக்காக வருமானச் சான்றிதழ் எடுக்க இ-சேவை மையத்துக்குப் போனேன். 60 ரூபாய் கட்டணம், சில நாளில் போனுக்கே வந்துவிட்டது. எங்கள் காலத்தில் விஏஓ ஆபீஸ் திண்ணையில் உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இது வேறு நாடு. இ-சேவை மையத்தில் உட்கார்ந்திருந்தபோதுதான் கவனித்தேன், அரசாங்கமே வருமானத்துக்கு வேறுவேறு கோடு போட்டு வைத்திருக்கிறது. முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000-க்குள் இருக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகைக்கு இரண்டரை லட்சம். மத்திய அரசின் ஓபிசி ஒதுக்கீட்டில் கிரீமி லேயர், அதாவது ஒதுக்கீடு கிடைக்காத வசதியான பிரிவு, 8 லட்சத்தில் தொடங்குகிறது. 2025-26இலிருந்து புதிய முறையில் 12 லட்சம் வரை வருமான வரி இல்லை. மாதக்கணக்கில் முதல் கோடு 10,000, கடைசிக் கோடு ஒரு லட்சம். இதில் மாட்டிக்கொள்பவர் 15,000 சம்பாதிக்கிற ஆட்டோக்காரர். அவருக்கு 5 லட்ச ரூபாய்க் காப்பீடும் இல்லை, மதுரை பில்லைக் கட்ட வசதியும் இல்லை. மச்சானின் 30,000 கடையும் இந்தப் பள்ளத்தில்தான் விழுகிறது.

அவனுடைய இப்போதைய சம்பளம் 4,000 திர்ஹம். ஒரு திர்ஹம் 24 ரூபாய் என்று வைத்தால் 96,000. பெட் ஸ்பேஸ் (ஒரு கட்டிலுக்கான வாடகை), சாப்பாடு, போன் என்று 1,500 திர்ஹம் அங்கேயே போய்விடும். கைக்கு மிஞ்சுவது 60,000. ஆகவே 96,000-த்தையும் 30,000-த்தையும் எதிரெதிரே வைத்துப் பயப்படத் தேவையில்லை. அவன் ஊருக்கு வந்தால் அவனும் வீட்டுச் சோற்றைத்தான் சாப்பிடுவான்.

வாடகை இல்லை என்று மேலே எழுதினேன் அல்லவா, அதற்குக் காரணம் மாமனார். எங்கள் பக்கம் பெண்ணுக்குத்தான் வீடு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். நான் 42,000-த்தில் சமாளிப்பது மாமனார் கொழும்பில் சம்பாதித்துக் கட்டிய சுவருக்குள் இருப்பதால். மச்சானுக்கு இரண்டும் பெண். இரண்டு வீடு. மனை விலையைக் கேட்டுப் பார்த்தேன். இங்கே விலை வைப்பவர் ரூபாயில் யோசிப்பதில்லை, திர்ஹத்திலும் ரிங்கிட்டிலும்தான் யோசிக்கிறார். அப்புறம் கல்யாணம், சீர், தொதல் என்ற இனிப்பைக் கிண்டி ஊருக்கெல்லாம் கொடுப்பது. இதை மாதச் செலவில் எந்தக் கணக்கெடுப்பும் பிடிக்காது. ஊரில் இருக்கிற பெண் பிள்ளைக்காரர்கள் வசதியான வருமானம் என்று சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறார்கள்.

இன்னொன்று, மாத வருமானம் என்ற சொல்லே கடற்கரையில் பாதிப் பேருக்குப் பொருந்தாது. விசைப்படகுக்குப் போகிறவருக்குப் பங்குதான், சம்பளம் இல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், அதற்கு நிவாரணம் 8,000 ரூபாய். மண்டபம், ராமேஸ்வரம் பக்கம் பாக் நீரிணையில் மற்ற நாட்களிலும் வாரம் மூன்று நாள்தான் விசைப்படகு முறை, மீதி நாட்டுப்படகுக்கு. நடுவில் புயல் எச்சரிக்கை, இலங்கைக் கடற்படை. நல்ல சீசனில் இவர்கள் வீட்டு வரவு என் செலவைத் தாண்டும். மே மாதத்தில் நகை அடகுக்கடைக்குப் போகும்.

மச்சானுக்கு நான் அனுப்பிய கணக்கு இதுதான்: பிள்ளைகள் அரசுப் பள்ளி, வைத்தியம் அரசு ஆஸ்பத்திரி என்றால் 30,000 போதும். இப்போது இருக்கிற மாதிரியே இருக்க வேண்டுமானால் 45,000, அதோடு அவசரத்துக்கு 3 லட்சம் கையில். வீடு தனி. அந்தக் கடையின் வாடிக்கை முக்கால்வாசி மீன்பிடிக் குடும்பங்கள். கடைக்காரர் காட்டியது ஆகஸ்ட், செப்டம்பர் விற்பனையை. மே, ஜூன் நோட்டைக் கேட்டிருக்கிறேன், எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். அதைப் பார்க்காமல் அட்வான்ஸ் போட வேண்டாம் என்று மச்சானுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டேன்.