பாஸ்கீ லாகின்: பப்ளிக் கீயை கோஸ் வடிவில் வைப்பதா, எஸ்பிகேஐ வடிவில் வைப்பதா?

தண்டையார்பேட்டையில் துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி விடும் டிரான்ஸ்போர்ட் ஆபீஸ் ஒன்றுக்கு பாஸ்கீ லாகின் (பாஸ்வேர்டுக்குப் பதில், போனோ கம்ப்யூட்டரோ ஒரு கீயால் கையெழுத்திட்டு உள்ளே விடும் முறை) செய்து கொடுத்தோம். பாஸ்வேர்டை விட பாஸ்கீ ஏன் மேல் என்பது தெரிந்த கதை. கையெழுத்திடும் ரகசியமான பிரைவேட் கீ நம் சர்வருக்கு வருவதே இல்லை, அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும் பப்ளிக் கீயை மட்டும் சேமிக்கிறோம். எந்த வடிவில் சேமிப்பது என்பதில்தான் கோஸ் (COSE), எஸ்பிகேஐ (SPKI) என்று இரண்டு வழிகள்.

கோஸ் என்பது போனோ கம்ப்யூட்டரோ தரும் அசல் வடிவம். பதிவின்போது வரும் அட்டெஸ்டேஷன் ஆப்ஜெக்ட் என்ற தகவல் தொகுப்பைப் பிரித்தால், கருவி தந்த ஆத்தென்டிகேட்டர் டேட்டா வரும். அதில் 37 பைட் தாண்டி, கருவியின் மாடலைக் குறிக்கும் 16 பைட் ஏஏஜியுஐடி, 2 பைட் நீளம், இந்தப் பாஸ்கீயின் அடையாளமான கிரெடென்ஷியல் ஐடி, அப்புறம்தான் கீ. எந்த அல்காரிதம் என்பதும் கீக்குள்ளேயே இருக்கும். லைப்ரரி இதையெல்லாம் பிரித்துத் தந்துவிடுவதால் முதல் நாள் வேலை சுலபம்.

நான் தேர்ந்தெடுத்தது எஸ்பிகேஐ, அதாவது பப்ளிக் கீகளுக்குப் பல மென்பொருள்களும் பொதுவாகப் பயன்படுத்தும் வடிவம். காரணம் ஒன்றுதான்: பராமரிப்பு. இப்படிப்பட்ட சின்ன ஆபீஸில் கோடு எழுதியவர் நாளைக்கே ஓஎம்ஆர் பக்கம் ஐடி கம்பெனியில் வேலை கிடைத்துப் போய்விடலாம். அடுத்து வருபவர் வேறு மொழியில் திருப்பி எழுதலாம், லைப்ரரியைக் கவனிக்க ஆளில்லாமல் போகலாம். எஸ்பிகேஐ கீயை ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற பிரபல கிரிப்டோ லைப்ரரி அப்படியே படிக்கும். ஜாவா, கோ, பைதான், பிஎச்பி எல்லாவற்றிலும் அதற்கு வழி உண்டு. கோஸ் எழுதப்படும் பைனரி வடிவமான சிபோரைப் பிரிக்கத் தெரிய வேண்டியதில்லை. ஆத்தென்டிகேட்டர் டேட்டாவோடு கிளையன்ட் டேட்டாவின் ஷா-256 ஹாஷை ஒட்டி, அதன் மேல் கையெழுத்தைச் சரிபார்ப்பது சில வரி வேலை. சேலஞ்ச் (சர்வர் ஒவ்வொரு முறையும் அனுப்பும் புது மதிப்பு), ஆரிஜின் (எந்தத் தளத்திலிருந்து வந்தது) சோதனைகள் எந்த வழியிலும் உண்டு. பாஸ்கீக்கான வெப் தரமான வெப்ஆத்தனின் 2021-இல் வந்த லெவல் 2-இலிருந்து, கெட்பப்ளிக்கீ என்று கேட்டால் பிரவுசரே இந்த வடிவில் தருகிறது.

ஒன்றை மட்டும் விடக்கூடாது. ஆர்எஸ்ஏ கீ என்றால், எந்த ஹாஷ் என்பது எஸ்பிகேஐயில் பொதுவாக இருக்காது. கீயோடு அல்காரிதத்தைக் குறிக்கும் எண் ஒன்றும் கிடைக்கும்: டிரைவர்களின் போன் -7 (எலிப்டிக் கர்வ் கீ, ஷா-256) என்று தரும். ஆபீஸ் விண்டோஸ் கம்ப்யூட்டர் -257 (ஆர்எஸ்ஏ, ஷா-256) தரலாம். அந்த எண்ணைத் தனி ஃபீல்டில் கட்டாயம் சேமியுங்கள். பதிவின்போது இந்த இரண்டை மட்டும் கேளுங்கள்; பிரவுசருக்குப் புரியாத அல்காரிதம் வந்தால் கெட்பப்ளிக்கீ கீக்குப் பதில் நல் (null) என்ற வெற்று மதிப்பைத்தான் தரும்.

எந்தக் கம்பெனியின் கருவி என்று அட்டெஸ்டேஷனால் உறுதிசெய்யும் இடங்களுக்கு என் அனுபவம் போதாது. அங்கே கருவி கையெழுத்திட்ட கீ அட்டெஸ்டேஷன் ஆப்ஜெக்டுக்குள் இருப்பதுதான். அதைச் சர்வரில் பிரித்தே ஆகவேண்டும் என்பதால் கோஸ் பக்கம் நியாயம் கூடும்.

ஏற்கெனவே கோஸில் வைத்திருப்பவர்கள் யாரையும் மறுபடி பதிவு செய்யச் சொல்ல வேண்டாம். -7 கீ என்றால் அதன் இரண்டு பகுதிகளான எக்ஸ், ஒய் ஒவ்வொன்றும் 32 பைட். மாறாத 26 பைட் தலைப்பு, அதன்பின் 04 என்ற ஒரு பைட், பிறகு எக்ஸ், ஒய் என்று வரிசையாகச் சேர்த்தால் 91 பைட் எஸ்பிகேஐ தயார்.