உலக சுகாதார நிறுவனத்தின் வாட்ஸ்அப் சேவை: விடை சொன்னது, காது கொடுத்ததா?

கொரோனா பரவிக்கொண்டிருந்த 2020 மார்ச் 20 அன்று உலக சுகாதார நிறுவனம் இந்தச் சேவையைத் தொடங்கியது. அப்போது 'ஹாய்' என்று அனுப்பினால் எண்ணிட்ட பட்டியல் வந்தது. தொற்று எண்ணிக்கை, தற்காப்பு, சந்தேகங்கள், வதந்திக்கு மறுப்பு, பயண ஆலோசனை என்று வேண்டிய எண்ணை அனுப்பினால் போதுமாக இருந்தது. வதந்தி சுற்றும் அதே செயலிக்குள் சரியான தகவலையும் வைத்தது நல்ல முடிவு. தனிச் செயலியாக இருந்திருந்தால், பதற்றத்தில் இருப்பவர் அதைத் தேடி இறக்கியிருக்கப்போவதில்லை.

தற்காப்புப் பகுதிதான் இதில் சிறந்தது. பயம் எதையாவது செய்யத் துடிக்கும். உடனே செய்யக்கூடிய வேலையைக் கையில் கொடுத்தால் அது கொஞ்சம் அடங்கும். இத்தகைய செய்தியில் அளவு இருக்க வேண்டும். 'கைகளை நன்றாகக் கழுவுங்கள்' என்பதை ஆளுக்கொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். 'சோப்பும் தண்ணீரும் கொண்டு 40 முதல் 60 விநாடி' என்றால் குழப்பமில்லை.

வதந்தி மறுப்பில் வரிசை முக்கியம். முதலில் உண்மை, பிறகு ஒரே ஒருமுறை வதந்தி, அது ஏன் தவறு, மறுபடி உண்மை. வதந்தியையே கொட்டை எழுத்தில் தலைப்பாக்கினால், அவசரமாகப் படிப்பவர் மனதில் அதுதான் தங்கும்.

பெரிய குறை, ஒரு தகவல் எவ்வளவு உறுதியானது என்பதைச் சொல்லாதது. இது அந்த நிறுவனத்தின் மற்றத் தளங்களுக்கும் பொருந்தும். கொரோனா காற்றுவழி பரவாது என்று 2020 மார்ச் இறுதியில் சமூக ஊடகத்தில் அடித்துச் சொன்னார்கள். பின்னர் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் பரவும் என்றார்கள். பொதுமக்களுக்கான முகக்கவசப் பரிந்துரையும் அந்த ஜூனில் மாறியது. ஆதாரம் மாறும்போது அறிவுரை மாறத்தான் வேண்டும். ஆனால் 'இன்றுவரை தெரிந்தது இது, இன்னும் தெரியாதது இது, மாறினால் சொல்வோம்' என்று முதல் நாளே சொல்லாவிட்டால், மாற்றம் பொய்யாகத் தெரியும். இத்தனைக்கும் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் தந்த அனுபவத்துக்குப் பின் 2005இல் இதே நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலில் நம்பிக்கை, சீக்கிரம் அறிவித்தல், வெளிப்படைத்தன்மை, மக்களின் கவலைக்குச் செவிகொடுத்தல், முன்திட்டம் என ஐந்தும் இருக்கின்றன.

இதே மாதிரியில் சேவை அமைப்பவர்கள் ஒவ்வொரு விடையின் அடியிலும் திருத்திய தேதியையும் அடுத்த அறிவிப்பு எப்போது என்பதையும் போடுங்கள். சொல்லப் புதிதாக எதுவும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்தில் அதையே சொல்லுங்கள். மௌனத்தை வதந்தி நிரப்பிவிடும்.

வாட்ஸ்அப் விதி ஒன்றும் காலை வாரும். பயனர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்பே ஒப்புதல் பெற்ற செய்தி வடிவத்தை மட்டுமே நாமாக அனுப்ப முடியும். பகுதி, தேதி, செய்ய வேண்டியது ஆகியவற்றுக்கு இடம் விட்டு, நோய் வருமுன்பே அந்த வடிவங்களுக்கு ஒப்புதல் வாங்கிவையுங்கள். எழுத்து வாசிக்காதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவும் வேண்டும்.

எண்பட்டியலுக்குள் அடங்காத கேள்விகள்தான் உண்மையான புதையல். 'பால் கொடுக்கும் தாய் தனிமைப்பட வேண்டுமா?' என்று பலர் கேட்டால், பட்டியலில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். அப்படி விடை கிடைக்காத கேள்விகளைத் தினமும் எடுத்து எண்ணி, முதல் ஐந்துக்கு மறுநாளே மருத்துவர் சரிபார்த்த விடையைப் பட்டியலில் சேர்க்க ஓர் ஆளை நியமியுங்கள்.