கோத்தகிரி வட்டாரத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி: விருதுகளை முன்வைத்து ஒரு மதிப்புரை

என் மகள் படிக்கும் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று கேட்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சேர்க்கலாம் என்பதே என் கருத்து. தலைமை ஆசிரியை அறையிலுள்ள கண்ணாடி அலமாரியைக் காட்டி, "எத்தனை கேடயம் பாருங்க" என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். அந்த அலமாரியில் இருப்பவற்றில் இரண்டே இரண்டு மட்டும்தான் பள்ளியின் தரத்தைப் பற்றி உருப்படியாக ஏதாவது சொல்கின்றன என்பதால், எது எதற்குக் கிடைத்தது என்று சற்று விளக்கமாகவே சொல்ல விரும்புகிறேன். பள்ளியின் பெயரைக் குறிப்பிடவில்லை. அறுபதுக்கும் குறைவான பிள்ளைகள் படிக்கும் இடத்தில் யாரைப் பற்றி ஒரு வரி எழுதினாலும் அது யார் என்று ஊருக்கே தெரிந்துவிடும்.

நீலகிரியில் பள்ளி என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு 1858இல் தொடங்கிய லவ்டேல் லாரன்ஸ் பள்ளி போன்ற விடுதிப் பள்ளிகள்தான் நினைவுக்கு வரும். மலையில் குடியிருக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வாய்ப்பது, ஒன்று நகரத்திலுள்ள தனியார் நர்சரி பிரைமரி பள்ளி, அல்லது ஹட்டி என்னும் படுகர் குடியிருப்புக்கும் தேயிலைத் தோட்டத்துக்கும் நடுவே சரிவில் நிற்கும் அரசுப் பள்ளி. சேர்க்கைக் காலம் வந்துவிட்டால் பேருந்து நிறுத்தங்களில் எல்லாம் 'தேசிய அளவில் சிறந்த பள்ளி' என்று ஃப்ளெக்ஸ் பலகைகள் முளைத்துவிடுகின்றன. அப்படி ஒரு பலகை வைத்திருந்த தனியார் பள்ளி ஒன்றில், இந்த விருதுக்காகப் பள்ளியை வந்து பார்வையிட்டவர்கள் யார் என்று விசாரித்தேன். நட்சத்திர விடுதி ஒன்றின் மேடையில் தாளாளர் கோப்பை வாங்கும் புகைப்படத்தைக் காட்டினார்களே தவிர, யாராவது வகுப்பறைக்குள் வந்தார்களா என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் கிடைக்கவில்லை. பதிவுக் கட்டணம் செலுத்தினால் விருது வழங்கும் விழாக்கள் நாட்டில் பெருகிவிட்ட காலம் இது. ஆகவே எந்தப் பள்ளியின் கேடயத்தைப் பார்த்தாலும், இதைக் கொடுக்கும் முன் யார் வந்து எதைச் சோதித்தார்கள் என்று கேட்பது என் வழக்கமாகிவிட்டது. எங்கள் பள்ளியையும் அந்தக் கேள்வியை வைத்தே பார்க்கிறேன்.

அலமாரியின் மேல்தட்டில் இருப்பவை பெரும்பாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நடத்தும் கலைத் திருவிழாப் போட்டிகளில் கிடைத்தவை. 2022இல் மேல்வகுப்புகளுக்காகத் தொடங்கிய இந்தப் போட்டிகள் 2024-25ஆம் கல்வியாண்டு முதல் ஒன்றாம் வகுப்பு வரை விரிவுபடுத்தப்பட்டதால், தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் மேடையேறும் வாய்ப்புக் கிடைத்தது. கதை சொல்லுதலிலும் மாறுவேடத்திலும் எங்கள் பிள்ளைகள் வட்டார அளவில் பரிசு வாங்கியிருக்கிறார்கள், மகிழ்ச்சிதான். ஆனால் கூச்சமில்லாத நான்கைந்து பிள்ளைகளே மறுபடி மறுபடி மேடைக்கு அனுப்பப்படுகிறார்கள். இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் ஒருவர் ஒத்திகைக்குப் போய்விட்டால் ஐந்து வகுப்புகளும் மற்றொருவர் தலையில் விழுகின்றன. என் மகளின் கணக்குப் பயிற்சி நூலில் பக்கங்கள் நிரப்பப்படாமல் கிடந்ததைப் பார்த்தபோது, இந்தக் கேடயத்துக்கு யார் என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் எழாமல் இல்லை.

மலர்க் கண்காட்சியையொட்டித் தோட்டக்கலைத் துறை நடத்தும் பூங்காப் போட்டியில் பெற்ற பரிசு ஒன்றும் அங்கே இருக்கிறது. தோட்டத்தைப் பராமரிப்பவர்கள் பெற்றோர்கள்தாம். பீன்ஸும் மலைப்பூண்டும் நன்றாக விளைகின்றன. அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. 'பிளாஸ்டிக் இல்லாத வளாகம்' என்ற பாராட்டுச் சான்றிதழையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 2019 ஜனவரி 1 அன்று மாநிலம் முழுவதும் தடை வருவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை போட்ட மாவட்டம் இது. இங்கே ஒரு பள்ளி அப்படி இருப்பது கடமையே தவிர சாதனை அல்ல. முன்னாள் தலைமை ஆசிரியை பெற்ற நல்லாசிரியர் விருதின் புகைப்படம் சுவரில் தொங்குகிறது. அவர் கலந்தாய்வில் இடமாறுதல் பெற்றுப் போய்விட்டார். விருதும் அவருடையதுதான், பள்ளியுடையது அல்ல.

இனி, நான் மதிக்கும் இரண்டுக்கு வருகிறேன்.

முதலாவது, தூய்மைக்காக மாவட்ட அளவில் கிடைத்த சான்றிதழ். ஒன்றிய அரசு 2016இல் தொடங்கிய ஸ்வச் வித்யாலயா புரஸ்கார் (தூய்மைப் பள்ளி விருது) திட்டத்தில் குடிநீர், கழிப்பறை, சோப்புப் போட்டுக் கை கழுவுதல், பராமரிப்பு, பழக்கவழக்கம் என்று தனித்தனித் தலைப்புகளில் மதிப்பெண் போட்டு நட்சத்திரம் தந்தார்கள். பள்ளி தானே விவரங்களையும் படங்களையும் பதிவேற்ற வேண்டியிருந்தது. பிறகு மதிப்பீட்டாளர்கள் நேரில் வந்து சரிபார்த்தார்கள். ஒரு நாள் வெள்ளையடித்து வைத்து ஏமாற்ற முடியாதா என்று கேட்கலாம். முடியும். ஆனால் சான்றிதழ் வாங்கிய பிறகும் இங்கே அந்த ஏற்பாடு தொடர்கிறது என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கை கழுவும் குழாய்கள் இரண்டு உயரங்களில் பொருத்தப்பட்டிருக்கின்றன. தாழ்வானவை ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு குழாயிலும் வலைப்பைக்குள் சோப்பைப் போட்டுக் கட்டித் தொங்கவிட்டிருப்பதால், அது தேய்ந்து துண்டாகும் வரை கீழே விழுந்து வீணாவதில்லை. கழிப்பறைக் கதவின் தாழ்ப்பாள் ஆறு வயதுப் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கிறது. இது ஒரு சின்ன விஷயம்தான். ஆனால் தாழ்ப்பாள் எட்டாததால் மாலை வரை அடக்கிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளைகளை வளர்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஜனவரியில் உறைபனி விழும் காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீர் கையைக் கடிக்கும். அந்த நாட்களில் காலை உணவு சமைக்கும் அக்கா அடுப்பிலிருந்து ஒரு குண்டான் வெந்நீரைக் கொண்டுவந்து வைத்துவிடுகிறார். எந்த விதிமுறையிலும் அப்படி எழுதியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

காலை உணவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்த திட்டம் இது. காலையிலேயே தோட்டத்தில் வருகைப் பதிவு எடுக்கும் மஸ்டருக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுக் கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார்களின் வீடுகளில் அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. உப்புமாவுக்கான சாம்பார் சில நாட்களில் தண்ணீராக இருக்கிறது. பொங்கல் நன்றாகவே இருக்கிறது.

இரண்டாவது, நூறு நாள் சவாலுக்கான சான்றிதழ். அலமாரியிலேயே மிகவும் எளிய தாள் அது, சட்டம்கூடப் போடவில்லை. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூனில் ஒன்று முதல் மூன்று வரையிலான வகுப்புகளுக்கு வந்து, பிறகு ஐந்தாம் வகுப்பு வரை நீண்டது. பிள்ளைகளை அவரவர் எட்டியிருக்கும் நிலையைப் பொறுத்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து, அந்தந்த நிலைக்கேற்ற செயல்பாடுகளைக் கொடுப்பது அதன் முறை. அதன் தொடர்ச்சியாக, தமிழ், ஆங்கில வாசிப்பிலும் அடிப்படைக் கணக்கிலும் நூறு நாட்களுக்குள் தேர்ச்சி பெறச் செய்து, பெற்றோர் முன்னிலையில் அதை நிரூபிக்கத் தயாரான பள்ளிகள் தாமாக முன்வந்து ஒப்புக்கொண்ட சவால் இது. எங்கள் பள்ளியும் ஒப்புக்கொண்டது.

அன்று வராண்டாவில் பாய் விரித்துப் பெற்றோர்கள் உட்கார்ந்திருந்தோம். மனப்பாடம் செய்யவைத்திருப்பார்கள் என்ற சந்தேகம் எங்களில் பலருக்கு இருந்தது. ஆகவே பாடநூலை வாங்கி நாங்களே ஒரு பக்கத்தைத் திறந்து, "பாப்பா, இந்தப் பக்கத்தைப் படிச்சுக் காட்டு" என்று கேட்டோம். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி விரலை வரியில் வைத்து, 'முயற்சி' என்ற சொல்லில் ஒரு கணம் தயங்கி, மு என்றும் யற் என்றும் கூட்டிப் பார்த்துவிட்டு மேலே போனாள். படித்து முடித்ததும் என்ன சொல்லியிருக்கிறது என்று கேட்டதற்குத் தன் சொந்த வார்த்தைகளில் சொன்னாள். பிறகு கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு ஒன்றைப் போட்டாள். அந்தச் சிறுமியின் பெற்றோர் ஜார்க்கண்டிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்தவர்கள். வீட்டில் தமிழ் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உள்ளூர்த் தொழிலாளர்களின் பிள்ளைகள் படித்துத் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட, நீலகிரித் தோட்டங்களில் இன்று கொழுந்து பறிப்பவர்களில் கணிசமானவர்கள் ஜார்க்கண்ட், பீகார், அசாம், ஒடிசா மாநிலங்களிலிருந்து வந்த குடும்பத்தினர். அவர்களுடைய பிள்ளைகளுக்குத் தமிழ் புது மொழி. ஹட்டிகளிலிருந்து வரும் படுகர் இனப் பிள்ளைகளுக்கும் வீட்டில் பேசுவது படுக மொழிதான். இலங்கையிலிருந்து சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்தின் வழியாகத் தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள்தாம் தமிழையே வீட்டுமொழியாகக் கொண்டு வருகிறார்கள். இப்படி மூன்று விதமான பிள்ளைகளை ஒரே பாயில் உட்காரவைத்து, இரண்டு ஆசிரியைகள் எழுத்துக் கூட்டிப் படிக்கவைத்திருக்கிறார்கள். இந்தப் பள்ளியின் சாதனை என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். வீட்டில் என்ன மொழி என்று எந்த விருதுப் படிவமும் கேட்பதில்லை. அதனால் நகரப் பள்ளியும் இந்தப் பள்ளியும் ஒரே தராசில் நிறுக்கப்படுகின்றன.

பிள்ளைகள் எவ்வளவு கற்றிருக்கிறார்கள் என்று அளக்கும் அடைவுத் தேர்வின் முடிவுகளைக் காட்டி இதை மறுப்பவர்கள் உண்டு. 2025 பிப்ரவரியில் 3, 5, 8ஆம் வகுப்புகளுக்கு மாநிலத் திட்டக் குழு நடத்திய தேர்வைப் போன்றவை மாவட்டத்தின் நிலையை அறிய உதவும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் மட்டுமே இருந்தால், அன்று காய்ச்சலில் ஒரு பிள்ளை வராமல் போனாலோ, போன வாரம்தான் சேர்ந்த ஒரு பிள்ளை எழுதினாலோ சராசரி ஒரேயடியாக ஏறும் அல்லது இறங்கும். சிறிய பள்ளியின் சதவீதத்தைப் பெரிய பள்ளியின் சதவீதத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பது முறையல்ல.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். கல்வி உரிமைச் சட்டத்தின்படி அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள் போதும். கணக்குச் சரியாகத்தான் இருக்கிறது. நடைமுறையில் ஒருவர் வட்டார வள மையத்துக்குப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் மற்றவர் ஐந்து வகுப்புகளையும் சேர்த்து உட்காரவைக்கிறார். அன்று பாடம் நடக்காது. ஆங்கிலத்தில் வாசிக்கிறார்கள், பேசத் தயங்குகிறார்கள். இணையத்தோடு இயங்கும் 'ஸ்மார்ட் போர்டு' வந்திருக்கிறது. மழைக்காலத்தில் மின்சாரமும் இணைப்பும் ஒருசேர இருக்கும் நாட்கள் குறைவு. பள்ளிக்குப் பின்னால் உள்ள மண்மேட்டுக்குத் தடுப்புச்சுவர் வேண்டும் என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு அனுப்பியும் இதுவரை பதில் இல்லை. 2009 நவம்பர் மழையில் குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் நேர்ந்த மண்சரிவுகளை மறக்காத எங்களுக்கு இது கேடயங்களைவிட முக்கியமான விஷயம். தேயிலைத் தோட்டத்து வழியில் காட்டெருமை நிற்கும் என்பதால் சிறு பிள்ளைகளைத் தனியே அனுப்ப இயலாது. காலையிலும் மாலையிலும் யாராவது ஒரு பெரியவர் கூடவே போக வேண்டும்.

கட்டணம் கிடையாது. பாடநூல், சீருடையோடு, மலைப்பகுதி என்பதால் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் தருகிறார்கள். சில ஆண்டுகளில் கம்பளிச் சட்டை குளிர் முடியும் தறுவாயில்தான் வந்து சேர்கிறது என்பதால் சேர்க்கும்போதே ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மருத்துவப் படிப்புக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டுக்காகவும் புதுமைப் பெண் உதவித்தொகைக்காகவும் முதல் வகுப்பிலேயே அரசுப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அவற்றுக்குக் கணக்கில் வருவது ஆறாம் வகுப்பு முதல் படித்த காலம்தான். அந்தக் காரணத்துக்காக மட்டும் இங்கே சேர்க்க நினைப்பவர்கள் அவசரப்பட வேண்டாம். வாசிப்பும் கணக்கும் உறுதியாக வர வேண்டும், ஆங்கிலப் பேச்சை வீட்டில் கொஞ்சம் பார்த்துக்கொள்ள முடியும் என்பவர்களுக்குப் பள்ளி பொருந்தும். சரளமான ஆங்கிலம்தான் முதல் தேவை என்பவர்களுக்குப் பொருந்தாது. பார்க்க வருபவர்கள் அலமாரி இருக்கும் அறையில் அதிக நேரம் உட்கார வேண்டாம். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் எந்தப் பக்கத்தையாவது கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள், தலைமை ஆசிரியை தடுக்க மாட்டார். முடிந்தால், இரண்டு ஆசிரியைகளில் ஒருவர் பயிற்சிக்குப் போயிருக்கும் நாளிலும் ஒருமுறை வந்து பாருங்கள்.