சீக்கிரம் இறுகும் எம்.டி.ஏ: மார்த்தாண்டத்து கிளினிக்கிலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

வேரின் நுனியை அடைக்கவும், வேரில் ஓட்டை விழுந்த பல்லைக் காப்பாற்றவும் எம்.டி.ஏ-வை (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட், பல்லுக்குள் வைக்கும் ஒரு வகை சிமென்ட்) அடித்துக்கொள்ள ஆளில்லை. ஆனால் 1993-ல் பல் மருத்துவ ஆய்வாளர் தோராபினஜாத்தின் குழு அறிமுகப்படுத்திய அந்தப் பழைய கலவை இறுக ஏறத்தாழ இரண்டே முக்கால் மணி நேரம் ஆகும். ஈரப்பஞ்சு வைத்து, தற்காலிகமாக மூடி, இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். தூத்தூரிலிருந்து வருகிற மீனவரிடம் அதைச் சொன்னால், "சாரே, படகு நாளைக்குக் கடலில் இறங்குது, திரும்பி வர மாசம் ஆகும்" என்பார். பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டுகிறவர்களும் அப்படித்தான், ஒரு நாள் கூலியை விட்டு இரண்டாவது முறை வர மாட்டார்கள்.

அதனால்தான் ஆக்சிலரேட்டர், அதாவது சீக்கிரம் இறுகவைக்கும் சேர்மானம், பக்கம் போனேன். அடிப்படையில் இது போர்ட்லேண்ட் சிமென்ட்தானே, கால்சியம் குளோரைடு சேர்த்தால் அதன் முக்கியப் பொருளான டிரைகால்சியம் சிலிகேட் தண்ணீரோடு வேகமாக வினைபுரியும். கான்கிரீட்டில் சேர்த்தால் கம்பி துருப்பிடிக்கும் என்று பயப்படுவார்கள், பல்லில் ஏது கம்பி? சீக்கிரம் இறுகினால் ரத்தமும் எச்சிலும் பட்டுக் கரைந்து போவதும் குறையும். ஆனால் 5% கரைசலில் குழைத்துப் பார்த்த ஆய்வில் இறுகும் நேரம் குறைந்ததோடு அமுக்க வலிமையும் குறைந்தது. அப்புறம் அந்த உப்பு காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும், நம்ம ஜூன் மழையில் பாட்டிலைத் திறந்து வைத்தால் கசகசவென்று நனைந்து நிற்கும், பிறகு எடைக்கு என்ன கணக்கு? சொந்தமாகக் கலப்பதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இப்போது பெரும்பாலும், இதே வகையில் சீக்கிரம் இறுகும் ரெடிமேட் சிமென்டான பயோடென்டின்தான். அதன் திரவத்திலேயே கால்சியம் குளோரைடும், தண்ணீர் அளவைக் குறைக்கும் பாலிமரும் உண்டு. கேப்ஸ்யூலில் 5 சொட்டு விட்டு 30 விநாடி மெஷினில் ஆட்டினால் புட்டி மாதிரி வரும், கரண்டியில் எடுத்தால் நூல் விடாது, பழைய எம்.டி.ஏ-வின் ஈர மணல் தொல்லை கிடையாது. 12 நிமிடத்தில் இறுகும் என்கிறார்கள். நகத்தால் கீறினால் கோடு விழாது, சரி. ஆனால் அது முதல் இறுக்கம்தான், வலிமை நாள்கணக்கில் ஏறும். அதனால் உடனே மேலே ஆசிட் வைத்து காம்போசிட் (பல் நிற அடைப்பு) ஒட்ட எனக்கு மனசு வராது. ஆள் கடலுக்குப் போகிறவர் என்றால் பல்லின் மேற்பரப்பு வரை பயோடென்டினையே நிரப்பி அனுப்பிவிடுவேன், திரும்பி வந்ததும் மேல் பகுதியை மட்டும் செதுக்கி ஒட்டினால் போதும்.

குறையும் உண்டு. விலை கையைக் கடிக்கும், ஒரு கேப்ஸ்யூலைத் திறந்தால் மிச்சம் குப்பைக்குத்தான். எக்ஸ்ரேயில் எம்.டி.ஏ அளவு வெள்ளையாகத் தெரியாது, மெல்லிய வேர்நுனியில் எங்கே முடிகிறது என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டியிருக்கும், அங்கே இன்னும் எம்.டி.ஏ பக்கம்தான் என் கை போகிறது. முன்பல்லில் மட்டும், எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரிய பழைய எம்.டி.ஏ-வில் சேர்க்கும் பிஸ்மத் ஆக்சைடு கலந்தது எதையும் வைக்க மாட்டேன், பல் கறுத்துவிடும்.